எழுத்துப்பட்டார்

2001 நவம்பர் 10ஆம் தேதி, புவனோஸ் ஐரிஸ் நகரத்தில் போக்கா ஜூனியர்ஸ் சங்கத்தின் மைதானத்தில், தனக்காக நடத்தப்பட்ட விடைபெறும் ஆட்டம் முடிந்த பிறகு மரடோனா அழுதுகொண்டே ஒலிபெருக்கியில் பேசினார். தான் தவறு செய்ததாகவும், அதற்கான விலையைக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னவர், ஆனாலும் பந்தில் கறை படிவதில்லை என்று முடித்தார். கூட்டம் அழுதது. அந்தக் கடைசி வாக்கியம் பிறகு சட்டைகளிலும் சுவர்களிலும் ஏறி, அர்ஜெண்டினாவில் ஒரு பழமொழியின் அந்தஸ்தைப் பெற்றுவிட்டது. எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் நெடுநாட்களாகவே ஒரு சந்தேகம். அதைச் சொன்னவர் மீது அல்ல. தன்னை இழந்துவிட்ட ஒரு மனிதன் தன் கைவேலையையாவது காப்பாற்றிக்கொள்ள நினைப்பது இயல்பு. அதைக் கேட்டதும் நமக்கு ஏன் அவ்வளவு நிம்மதி வருகிறது என்பதுதான் என் சந்தேகம்.

நம் வட்டத்தில் இந்தக் கேள்வி கவிஞனை வைத்தே கேட்கப்பட்டு வந்திருக்கிறது. கலைஞனின் வாழ்வில் இல்லாத நேர்மை அவன் கலையில் எங்கிருந்து வரும் என்று ஒரு கட்சி. பிரதிதான் முக்கியம், எழுதியவன் எப்படிப் போனால் என்ன என்று மறு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களுமே தமக்குப் பிடிக்காத கவிஞன் வந்தால் முதல் கட்சிக்கும், பிடித்தவன் வந்தால் இரண்டாம் கட்சிக்கும் மாறிவிடுவதைப் பல வருஷங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் கவிஞனை விட்டுவிட்டு ஒரு கால்பந்தாட்டக்காரனை எடுத்துக்கொள்கிறேன். அவனுக்குப் பிரதி என்ற மறைவிடம் கிடையாது. கவிதை காகிதத்தில் இருக்கிறது. கவிஞன் குடித்துக் கிடக்கும்போதும் அது அலமாரியில் ஒழுங்காக நின்றுகொண்டிருக்கும். ஆட்டக்காரனுக்கோ உடம்பே எழுதுகோல், உடம்பே தாள். பந்தைத் தொட்ட இடது காலும் போதையில் தடுமாறிய இடது காலும் ஒன்றே. பிரிக்க முடியும் என்று இங்கே நிரூபித்துவிட்டால் வேறெங்கும் பிரித்துவிடலாம்.

1986 ஜூன் 22 அன்று மெக்ஸிகோ நகரத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் போட்ட இரண்டாவது கோலை நான் பார்த்தது சில வருஷங்கள் கழித்து, வாடகை கேசட்டில். தன் பாதி மைதானத்தில் பந்தை வாங்கி, திரும்பி, சுமார் அறுபது மீட்டர் தூரத்தைப் பத்துப் பதினோரு வினாடியில் கடந்து, வழியில் வந்தவர்களையெல்லாம் அவர்கள் எந்தப் பக்கம் சாயப்போகிறார்கள் என்பதை அவர்களுக்கும் முன்பே அறிந்தவர் போலத் தாண்டி, கோல்கீப்பரையும் ஏமாற்றி உள்ளே தள்ளினார். அதைப் பார்த்தபோது என்னுள் நிகழ்ந்ததை அழகு என்று சொல்வது குறைவு. மனித உடம்பால் இது முடியும் என்ற செய்தி அது. எந்த ஊர்க்காரனுக்கும் சொந்தமான செய்தி. அதற்கு நான்கு நிமிஷங்களுக்கு முன் கையால் தட்டிப் போட்ட முதல் கோலைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. அது ஆட்டத்துக்குள் நடந்த திருட்டு. அதை விசாரிக்க அங்கே ஒரு நடுவர் இருந்தார். அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். என் பிரச்னை நடுவர் இல்லாத இடங்களைப் பற்றியது.

அந்த இடங்களைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். பார்சிலோனாவில் ஆடிய காலத்திலேயே கொக்கேய்ன் பழக்கம் ஆரம்பித்ததாக அவரே பிற்பாடு சொன்னார். 1984-இல் நேப்பிள்ஸ் போனார். வடக்கு இத்தாலிய நகரங்கள் ஏளனம் செய்துகொண்டிருந்த ஒரு ஏழைத் துறைமுக நகரத்துக்கு 1987-இலும் 1990-இலும் தேசிய லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். அதே நகரத்தின் கமோரா கும்பல்காரர்களோடு அவர் சிரித்துக்கொண்டு நிற்கும் புகைப்படங்களும் அதே வருஷங்களைச் சேர்ந்தவைதான். 1991 மார்ச்சில் சோதனையில் கொக்கேய்ன் தெரியவந்து பதினைந்து மாதத் தடை. 1994 பிப்ரவரியில் தன் வீட்டு வாசலில் காத்திருந்த பத்திரிகையாளர்களை நோக்கிக் காற்றுத் துப்பாக்கியால் சுட்டார்; நான்கு பேருக்குக் காயம். அதற்கு 1998-இல் இரண்டு வருஷம் பத்து மாதச் சிறை விதிக்கப்பட்டு, அது நிறுத்திவைக்கப்பட்டது. இடையில் 1994 உலகக் கோப்பையிலிருந்து, எஃபெட்ரின் கண்டுபிடிக்கப்பட்டு, வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இவை பெரும்பாலும் தன்னைத் தானே அழித்துக்கொண்ட காரியங்கள். துப்பாக்கிச் சம்பவம் நீங்கலாக.

மற்றது வேறு வகை. 1986 செப்டம்பரில், அந்த மகத்தான கோலுக்கு மூன்று மாதம் கழித்து, நேப்பிள்ஸில் ஒரு பெண்ணுக்குப் பையன் பிறந்தான். தாய் அவனுக்குத் தகப்பன் பெயரையே வைத்தாள். மரடோனா மறுத்தார். மரபணுச் சோதனைக்கு உடன்படவில்லை. 1993-இல் இத்தாலிய நீதிமன்றம் அவரே தந்தை என்று தீர்ப்பளித்த பிறகும் மறுத்தார். பையனுக்குப் பதினாறு வயதானபோது, 2003-இல், தகப்பன் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்த மைதானத்துக்குள் எப்படியோ நுழைந்துதான் அவன் அவரை முதன்முதலாகச் சந்தித்தான். பகிரங்கமாக மகன் என்று ஏற்றுக்கொள்ள 2016 வரை ஆயிற்று. முப்பது வருஷம். இதில் போதைக்கு எவ்வளவு பங்கு, மனிதனுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க எனக்கு மனமில்லை.

இனி நிம்மதிக்கு வருகிறேன். பந்தில் கறை படிவதில்லை என்றால் நாம் அந்தக் கோலை மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கலாம். பையனைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. இந்தப் பிரிவினையால் ஆதாயம் அடைவது மரடோனா அல்ல; அவர் எப்படியும் தன்னோடுதான் வாழ்ந்தாக வேண்டியிருந்தது. ஆதாயம் பார்வையாளனாகிய எனக்கு. என் ரஸனைக்கு வரி கட்டாமல் தப்பிக்க அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

இதைவிட மோசமான ஒரு வாதமும் உண்டு. நம்மிடையே அதற்கு மவுசு அதிகம். அந்தக் கட்டுக்கடங்காமைதான் மைதானத்தில் கோலாக வந்தது, வெளியே கொக்கேய்னாகவும் பெண்களாகவும் துப்பாக்கியாகவும் வந்தது. நெருப்பு ஒன்றுதான், அது விளக்கில் எரிந்தால் வெளிச்சம், கூரையில் எரிந்தால் சாம்பல், ஒன்றைக் கேட்டால் மற்றதையும் ஏற்க வேண்டும் என்பது அது. கேட்பதற்கு ஆழமாக இருக்கும். இதற்குப் பிரேஸிலிலிருந்து காரிஞ்சாவையும் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள்: 1962 உலகக் கோப்பையைத் தன் வளைந்த கால்களால் வென்றுகொடுத்து, 1969-இல் தான் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகித் தன் துணைவியின் தாயைப் பலிகொடுத்து, குடித்துக் குடித்தே 1983-இல் ஐம்பது வயதாகுமுன் செத்துப்போனவர். வட அயர்லாந்திலிருந்து ஜார்ஜ் பெஸ்ட். ஜாபிதா நீளும். ஆனால் இந்தத் தாலுகாவில் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் அடிக்கிறவர்கள் எத்தனையோ பேர். ஒருவருக்கும் அந்த இடது கால் வாய்க்கவில்லை. மறுபுறம், பெலேயின் மைதானத்துக்கு வெளியே எந்த நெருப்பையும் நான் கேள்விப்பட்டதில்லை என்று ஒரு நண்பரிடம் சொன்னபோது, அதனால்தான் பெலே இரண்டாம்பட்சம் என்றார். பெலேயும் தன் மகள் ஒருத்தியை நீதிமன்றம் சொல்லியும் அண்டவிடவில்லை என்பதை நான் எடுத்துச் சொன்னதும், நண்பர் உடனே பெலேயை ஒரு படி உயர்த்தத் தயாராகிவிட்டார். வாதத்தின் லட்சணம் இதுதான். குற்றம் கலைஞனுக்கு ஒரு ஆபரணமாகிவிடுகிறது. அந்த நெருப்பில் வெந்தவர்கள் யாரும் இப்படி ஒரு கொள்கையை முன்வைத்து நான் படித்ததில்லை.

நான் இருக்கும் ஊர் உத்திரமேரூர். இங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் கல்லில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட இரண்டு சாசனங்கள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தலைப் பற்றியவை. பள்ளிக்கூடப் பையன்களை வரிசையாக நிற்கவைத்து இதைக் காட்டுகிறார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர்கூட இதைப் பற்றிப் பேசினார். எல்லோரும் பேசுவது ஓலையைப் பற்றியும் குடத்தைப் பற்றியும்தான். கல்லில் அதற்குச் சமமாக இடம்பிடித்திருப்பது யார் யார் பெயரை ஓலையில் எழுதக்கூடாது என்ற பட்டியல். அதை யாரும் பேசுவதில்லை. பேசினால் கொஞ்சம் சங்கடம்.

முப்பது குடும்புகள். கால்வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் படிப்பு, நல்வழியில் ஈட்டிய பொருள், சுத்தமான மனம். இது தகுதி. (பிராமணச் சபை, நிலமில்லாதவனுக்கோ பெண்ணுக்கோ மற்ற ஜாதிக்கோ அங்கே இடமில்லை. இதை ஜனநாயகத்தின் தொட்டில் என்பவர்கள் தொட்டிலில் யார் கிடந்தது என்றும் சொல்ல வேண்டும்.) பிறகு விலக்கப்பட்டவர்கள். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் முதலில் வருகிறான். அவனோடு அவன் தகப்பன், பிள்ளை, மாமனார், மருமகன், மைத்துனன், பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்று உறவு முழுக்க விலக்கப்படுகிறது. முறைகேடான உறவு கொண்டவர்கள், ஐந்து மகாபாதகங்களில் முதல் நான்கைச் செய்தவர்கள் – அந்த நான்கில் கள்ளுண்பதும் ஒன்று – இவர்களும் இவர்களுடைய உறவினர்களும். சாகசக்காரர்கள், பிறர் பொருளை அபகரித்தவர்கள், ஊருக்கு முள்ளாக இருப்பவர்கள், கழுதை ஏற்றப்பட்டவர்கள், பொய்க் கையெழுத்திட்டவர்கள். பிராயச்சித்தம் செய்து சுத்தமானவர்களுக்குக்கூட, சில பாவங்களைப் பொறுத்தவரை, உயிருள்ளவரை ஓலையில் இடமில்லை. வாரியத்தில் இருப்பவனிடம் குற்றம் கண்டால் அந்த க்ஷணமே நீக்கிவிட வேண்டும்.

கடுமையான பட்டியல்தான். இன்று அதன் பாதியை எந்த நாகரிகமான சட்டமும் ஏற்காது. ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று அதில் இருக்கிறது. குற்றம் செய்தவன் பாடக்கூடாது என்றோ, அவன் பாட்டை யாரும் கேட்கக்கூடாது என்றோ அந்தக் கல்லில் எங்கும் இல்லை. பிறருடைய பொருளை அவன் கையில் கொடுக்கக்கூடாது என்பது ஒன்றுதான் விதி. ஏரி வாரியம் வைரமேகத் தடாகத்தின் தண்ணீரைப் பார்த்துக்கொண்டது. தோட்ட வாரியம் தோட்டங்களை. தண்ணீர் எல்லோருக்கும் உரியது. மதகு ஒருவன் கையில் இருக்கிறது. ஆகவே அந்தக் கை எத்தகையது என்று கேட்க ஊருக்கு உரிமை உண்டு. பாராட்டு வேறு, ஒப்படைப்பு வேறு. நம் வாதங்களில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன என்பதை எனக்குக் காட்டியது நவீன விமர்சனம் எதுவுமல்ல, இந்தக் கருங்கல்தான்.

இந்த அளவுகோலை வைத்தால் மரடோனா விஷயத்தில் சில முடிச்சுகள் அவிழ்கின்றன. அவர் கோலைப் பார்த்து நான் கைதட்டுவது பாராட்டு. அதில் யார் பொருளும் அவர் கைக்குப் போகவில்லை. ஆனால் 2008-இல் அர்ஜெண்டினா தன் தேசிய அணியையே அவரிடம் பயிற்சியாளராக ஒப்படைத்தது. அடுத்த வருஷமே பத்திரிகையாளர்களை ஆபாசமாகத் திட்டியதற்காக சர்வதேசக் கால்பந்துக் கூட்டமைப்பு அவருக்கு இரண்டு மாதத் தடை விதித்தது. இது ஏரி வாரியம். முன்னது பாட்டு. இரண்டையும் ஒரே கைத்தட்டலால் தீர்மானித்தார்கள் என்பதுதான் தவறு.

ஆனால் இந்த இடத்தில் கல்வெட்டும் எனக்குப் போதவில்லை. நட்சத்திரம் என்பது இன்று வெறும் பாராட்டாக நிற்பதில்லை. 2008 டிசம்பரில் மரடோனா கல்கத்தாவுக்கு வந்தபோது லட்சம் பேருக்கு மேல் மைதானத்தில் காத்திருந்தார்கள். 2012-இல் கண்ணூருக்கு வந்தார். அவர் இறந்தபோது கேரள விளையாட்டுத் துறை இரண்டு நாள் துக்கம் அனுசரித்தது. அர்ஜெண்டினாவின் ரொஸாரியோ நகரத்தில் 1998 முதல் அவர் பெயரில் ஒரு மதமே இருக்கிறது. இத்தனை பேருடைய ஆசை ஒரு மனிதன் மேல் குவியும்போது அது அவன் கையில் ஒப்படைக்கப்பட்ட ஒரு பொருளாகவே ஆகிவிடுகிறது. யாரும் ஓலை எழுதவில்லை, யாரும் குடத்தைக் காட்டவில்லை, கணக்கும் கேட்பதில்லை. நேப்பிள்ஸில் அவர் மேல் புகார் சொல்ல ஒரு பெண் வந்தபோது அவள் எதிர்த்து நின்றது ஒரு ஆணையல்ல, ஒரு நகரத்தை.

சாசனத்தில் ஒரு சொல் என்னைப் பிடித்துவைத்திருக்கிறது. பாதகம் செய்தவர் என்று மட்டும் அது சொல்லவில்லை. ‘எழுத்துப்பட்டார்’ என்கிறது. குற்றம் எழுத்தில் பதிவானவர். ஊர் வாயில் அடிபட்டது போதாது, ஓலையில் ஏறியிருக்க வேண்டும். பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன்பு வதந்திக்கும் பதிவுக்கும் வித்தியாசம் வைத்த அந்த ஜாக்கிரதை மெச்சத்தக்கது. அதே சமயம், எழுத்தில் ஏறாமலிருக்கும் வல்லமை யாருக்கு உண்டோ அவனுக்குத் தகுதி கெடுவதேயில்லை என்றும் அந்தச் சொல்லுக்கு அர்த்தமாகிறது. நட்சத்திரத்தின் உண்மையான செல்வம் அந்த வல்லமைதான் என்று நினைக்கிறேன். நேப்பிள்ஸ் பெண் எழுத்தில் ஏற ஏழு வருஷம் ஆயிற்று, அதற்கு ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது. பதினாறு வயதில் மரடோனாவின் பிடியில் சிக்கியதாகவும், போதைக்குப் பழக்கப்படுத்தப்பட்டதாகவும், பலாத்காரம் செய்யப்பட்டதாகவும் ஒரு கியூபப் பெண் வெளியே வந்து சொன்னது 2021-இல். அவர் இறந்த மறு வருஷம். பதில் சொல்ல அவர் இல்லை. அது தீர்ப்பு ஆகாது. சொல்லப்பட்ட சொல்லாகவே நிற்கும். ஆனால் அவர் உயிரோடிருந்தபோது அவள் சொல்லியிருந்தால் யார் எழுதிக்கொண்டிருப்பார்கள்?

எழுத்து என்றதும் நம் பக்கத்து எழுத்து ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதியே பிழைத்த ‘இந்துநேசன்’ பத்திரிகையின் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் குத்தப்பட்டு இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, தண்டனை பெற்று, பிரிவி கவுன்ஸில் வரை போய், 1947-இல் விடுதலையானார்கள். ஒரே வழக்கு, ஒரே விடுதலை. கிருஷ்ணனை ஜனங்கள் மறுபடி ஏற்றுக்கொண்டு சிரித்தார்கள். பாகவதரின் படங்கள் அதன்பிறகு ஓடவில்லை, 1959-இல் இறந்தார். குரல் கெட்டுவிட்டதா, காலம் மாறிவிட்டதா, கறை என்று நினைத்தார்களா? ஒன்று நிச்சயம்: ரசிகனின் தண்டனை குற்றத்தின் அளவைப் பார்த்து விழுவதில்லை. நீதிமன்றம் விடுவித்தவனை அவன் கைவிடுவான். நீதிமன்றம் தண்டித்தவனைத் தோளில் தூக்குவான். மஞ்சள் பத்திரிகையின் எழுத்தும் எழுத்துத்தான், அதிலும் ஏறுகிறார்கள் ஜனங்கள். அந்த எழுத்தில் பாதிக்கப்பட்டவளின் பெயர் வருவது அவளுக்காக அல்ல, வாசகனின் நாக்குக்காக. ஆகவே எழுதிவிட்டால் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன்.

இங்கிருந்து சில மைல் தூரத்து ஊர் ஒன்றில், ஏறக்குறைய முப்பது வருஷங்களுக்கு முன், ஒரு சடுகுடு ஆட்டக்காரன் இருந்தான். பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனால் மூன்று பேரை இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வருவான். காணும் பொங்கலன்று அவன் ஆடுகிறான் என்றால் வந்தவாசிப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். சாராயத்துக்கு அடிமை. வீட்டில் அடி. ஊர் அவனை எப்படி வைத்திருந்தது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஜெயித்த அன்று தோளில் தூக்கிப் போவார்கள். ஆனால் ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்ற வீட்டுக்கு வீடு வசூலிக்கும் பணத்தை அவன் கையில் ஒரு வேளைகூடத் தங்கவிடமாட்டார்கள். கல்வெட்டைப் படிக்காமலேயே அவர்கள் கல்வெட்டைப் பின்பற்றினார்கள். பாராட்டு ஒரு பக்கம், ஒப்படைப்பு ஒரு பக்கம். துல்லியமாகப் பிரித்துவிட்டார்கள்.

அவன் இறந்து சில காலம் கழித்து அவன் மனைவியைப் பார்க்க நேர்ந்தது. ஏரிவேலைக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் நான் அவன் ஆட்டத்தைப் பற்றி உயர்வாக ஏதோ சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

“நீங்கள்லாம் பாத்தீங்கண்ணா. நான் ஒரு நாளும் பாத்ததில்ல. ஆட்டம் இருக்கற அன்னிக்கு எனக்கு ஊட்ல வேல இருக்கும், பசங்கள எங்கம்மா ஊட்டுக்கு அனுப்பணும். ஜெயிச்சாலும் குடிச்சிட்டு வரும், தோத்தாலும் குடிச்சிட்டு வரும்” என்றாள். பிறகு, “தூக்கினு வந்தாங்களே, அந்தத் தெரு வழியாதான் வந்தாங்க” என்று கை காட்டினாள்.

அந்த ஊரின் நியாயத்தில் என்ன விடுபட்டிருந்தது என்று அப்போது தெரிந்தது. பாராட்டு அவனைப் பற்றியது. ஒப்படைப்பு ஊர்ப் பணத்தைப் பற்றியது. இரண்டிலும் அவள் இல்லை. சாசனத்தின் நீண்ட உறவுப் பட்டியலை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். கணக்குக் காட்டாதவனுக்காக அவன் பிள்ளைக்கும் மருமகனுக்கும் தண்டனை விழுகிறது. மனைவி அந்தப் பட்டியலிலேயே இல்லை; அவளுக்கு ஓலை ஏது, இழப்பதற்கு? தகப்பன் குற்றத்துக்குப் பிள்ளையைத் தண்டிப்பது அநியாயம் என்று இன்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் நேப்பிள்ஸ் பையன் தகப்பனின் புகழுக்காக முப்பது வருஷம் பெயரில்லாமல் இருந்தான். அதே பிள்ளைதான் இரண்டு இடத்திலும் கட்டணம் கட்டுகிறான்.

ஆகவே கறை பந்தில் படிகிறதா இல்லையா என்று கேட்பதே கேள்வியைத் தவறான இடத்தில் வைப்பது. பந்து ஒரு தோல் உறை, உள்ளே காற்று. அதற்கு எதுவும் படியாது. அந்தக் கோலும் கெட்டுப்போகவில்லை. இப்போது போட்டுப் பார்த்தாலும் அந்தத் திரும்பல் அதே திரும்பல்தான்; அதைப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று நடிப்பது இன்னொரு பொய். ஒழுக்கத்துக்காக ரஸனையைப் பொய்யாக்குகிறவர்கள் கடைசியில் இரண்டையும் இழக்கிறார்கள். நம் விமர்சனத்தில் அதற்கு உதாரணங்கள் போதும். ஆனால் கோலைப் பற்றிப் பேசும் அதே வாயால் அந்தப் பையன் பிறந்த மாதத்தையும் சொல்லலாம். எது தடுக்கிறது? ஆட்டத்தின் அழகு தடுப்பதில்லை. தோளில் தூக்கிக்கொண்டு போகும் தெருவில் அந்த வீடும் இருக்கிறது என்பதைத் திரும்பிப் பார்க்க நமக்கு இஷ்டமில்லை. மரடோனாவுக்குத் தண்டனை கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. உடம்பும் சட்டமும் கொடுத்தவை கொஞ்சமல்ல. நான் தீர்மானிக்க முடிவது என் பேச்சில் யார் யாருக்கு இடம் என்பதை மட்டும்தான்.

2020 நவம்பர் 25ஆம் தேதி அவர் இறந்தார். பெண்களுக்கெதிரான வன்முறையை ஒழிப்பதற்கென்று உலகம் ஒதுக்கிவைத்திருக்கும் நாளும் அதுவே. அர்ஜெண்டினா மூன்று நாள் துக்கம் அறிவித்தது. நேப்பிள்ஸ் தன் மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. உலகத்து மைதானங்களில் ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிஷ மௌனம். மூன்று நாள் கழித்து ஸ்பெயினில் பெண்கள் அணிகள் இரண்டின் சிநேக ஆட்டம் ஒன்றில், பவுலா தபேனா என்ற இருபத்திநாலு வயது ஆட்டக்காரி, மற்ற எல்லோரும் வரிசையில் நின்றபோது, வரிசைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய ஆட்டத்திறனை அவர் மறுக்கவில்லை. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஒரு நிமிஷம் கொடுக்காதவர்கள் பாதிப்பை ஏற்படுத்தியவருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது. மரடோனாவைப் பற்றி அவர் பயன்படுத்திய சில சொற்கள் எந்த நீதிமன்றமும் எழுதாதவை. அந்த அளவில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. அவர் உட்கார்ந்த விதத்தில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை, மைதானத்தை விட்டும் போகவில்லை. நிமிஷம் முடிந்ததும் எழுந்து ஆடினார். அவர் அணி 10–0 என்று தோற்றது. பிறகு அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. மிரட்டியவர்கள் பந்தில் கறை படிவதில்லை என்று நம்புகிறவர்களாகத்தான் இருக்க வேண்டும்.